பச்சைப் பட்டு விரித்த மலை

அன்புள்ள மகனுக்கு,

‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் உன் நலமறிய ஆவல்’ என்றுதான் தொடங்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித் தொடங்கக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்று பேனா அந்த வரியை எழுத மாட்டேன் என்கிறது. இவ்விடம் நலமில்லை. உடம்பில் உள்ள உறுப்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன, வயிறு மட்டும் முன்னைவிடச் சற்று முன்னால் இருக்கிறது, உன் அம்மா வழக்கம்போல என்னைவிடத் தெளிவாக இருக்கிறாள். ஆனாலும் நலமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மக்கா. உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளாக நான் எதைத் தின்றாலும் அது தொண்டையில் நின்று, ‘உன் மகன் எப்படி இருக்கிறான்?’ என்று கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்குகிறது.

இதை நீயே படிக்கிறாயா, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது உனக்குப் படித்துக் காட்டுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. படித்துக் காட்டுகிற ஐயா யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். ஐயா, தயவுசெய்து ஒரு வரியும் விடாமல் படியுங்கள். விட்டுப் படிக்கிற வித்தையில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். அதன் பலனைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். இதில் எங்கள் வீட்டு இரகசியம் வரும், ஊர்வம்பு வரும், நான் அசடு வழிந்த இடங்கள் நிறைய வரும். கேட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். அவன் சிரிக்கிறானா என்று மட்டும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் என்னவென்று உன்னால் யாரிடமும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், “ஒனக்க அப்பாவுக்கு என்ன சோலி?” என்று கேட்டதற்கு, “ஆளுக எழுதினதை அழிக்கியது” என்று சொல்லிவிட்டு வந்தாயாம். அன்றைக்கு எனக்குக் கோபம். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நான் எந்த அச்சுக்கூடத்திலும் சம்பளக்காரன் இல்லை, எந்தப் பள்ளியிலும் வாத்தியார் இல்லை. கக்கத்தில் நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, தன் பெயர் அட்டையில் வரவேண்டும் என்று ஏங்குகிறவர்கள் நம் வீட்டு வாசலைத் தேடி வருவார்கள். ஆதாமில் தொடங்கித் தன் பேரப்பிள்ளை வரைக்கும் வம்ச சரித்திரம் எழுதின உபதேசியார் வருவார். நெற்பயிரில் விழும் பூச்சிகளைப் பற்றி ஆசிரியப்பாவில் புலம்பின பண்ணையார் வருவார். எல்லாருக்கும் ஒரே கோளாறு. தெரிந்ததை எழுத மாட்டார்கள், தெரியாததைத்தான் எழுதுவார்கள். அவர்களைத் திருப்பித் தெரிந்ததன் பக்கம் ஓட்டிக்கொண்டு வருவதுதான் என் வேலை. மாடு மேய்ப்பதைப் போலத்தான். மாடு ‘நான் எழுத்தாளன்’ என்று சொல்லாது, அவ்வளவே வித்தியாசம்.

என் முறை உனக்குத் தெரியும். வந்தவரை நோட்டைத் திறக்க விடமாட்டேன். அதை வாங்கி என் முட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்து, “இனி வாயால் சொல்லும்” என்பேன். மனிதர் சொல்லிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் குரல் தாழும், அல்லது காப்பி டம்ளரைத் தேவையில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றுவார். அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, பிறகு நோட்டைத் திறந்து பார்ப்பேன். சரியாக அந்த இடத்துக்கு முன்னால் ஓர் அலங்கார வரி நிற்கும். மனிதன் எதையாவது புதைத்தால் அதன்மேல் பூச்செடி நடுகிறான். இதுதான் இருபது வருஷத் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் தன் முதல் மனைவியைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் ஒன்றரைப் பக்கம் சந்திரோதயம் எழுதியிருந்தார். “சந்திரனுக்குப் பின்னால ஆராக்கும் நிக்கியது?” என்று கேட்டேன். அவ்வளவு பெரிய மீசைக்காரர் சின்னப் பிள்ளையைப் போல அழுதார். நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, “அப்பா, நீங்க போலீசுக்குப் போயிருக்கலாம்” என்றாய். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பிறத்தியார் மறைத்ததைக் கண்டுபிடிக்கிறவன், தன் மகனுக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான் என்பது அப்போது தெரியவில்லை.

அந்தக் கடிதப் புத்தகத்தின் கதைக்கு வருகிறேன். கோட்டாற்று ஜவுளிக்கடை முதலாளிக்கு ஒரு வருஷம் நூலாசிரியர் ஆகவேண்டும் என்று ஆசை வந்தது. எதைப் பற்றி எழுதுவது என்பதில் அவருக்குப் பிடிவாதம் ஒன்றும் கிடையாது. நம் ஊர்ப் பிள்ளைகள் கொழும்புக்கும் பினாங்குக்கும் போய்க்கொண்டிருந்த காலம். எழுதத் தெரியாமல் தவித்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். எல்லாச் சந்தர்ப்பங்களுக்கும் மாதிரிக் கடிதங்களை எழுதி, முதலாளி பெயரில் போடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. “வேய், எல்லாக் காயிதத்திலயும் ஒரு துணி வந்திரணும், பாத்துக்கிடும். படிக்கியவனுக்கு நம்ம கடை ஓர்மை வரணும்.” கல்யாணக் கடிதத்தில் துணியை நுழைப்பது எளிது. மரண அறிவிப்பில்கூட ஒருவழியாக நுழைத்துவிட்டேன். அகப்படாமல் திணறடித்தது பதினேழாம் கடிதம். அதன் தலைப்பு, ‘தூரதேசத்தில் நோயுற்ற மகன், பெற்றோர் கலங்காதபடி எழுதுவது.’

நோயில் கிடக்கிறவனுக்கு எந்தத் துணியைப் போர்த்த முடியும்? மூன்று நாள் தவித்து, கடைசியில் எழுதினேன்: ‘இங்கு நல்ல மழை பெய்து, மலையெங்கும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் காட்சியளிக்கிறது.’ முதலாளி அந்த வரியை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டு அவர் கடையில் நல்ல லாபமுள்ள சரக்கு. நானும் மயங்கித்தான் போனேன். புத்தகத்தின் அடிக்குறிப்பில், எழுதக் கற்கிறவர்களுக்கு உபதேசமாக, ‘நோயைச் சொல்லாதே, நோய் இருக்கும் இடத்தில் மழையை வை’ என்று வேறு எழுதிச் சேர்த்தேன். அச்சுப் பிரதி வந்தபோது உன் அம்மா மூலத்தை உரக்கப் படிப்பாள், நான் அச்சில் சரிபார்ப்பேன். அதுதான் எங்கள் வழக்கம். மடியில் கூலிக்குப் பின்னுகிற ரேந்தை லேஸ், வாயில் என் வசனம். அந்த வரி வந்ததும் அவள் பின்னுவதை நிறுத்தி, “ஒங்களுக்கு மேலுக்குச் சுகமில்லாம வந்தா இப்பிடித்தான் சொல்லுவியளா?” என்று கேட்டாள். இலக்கியம் தெரியாதவள் என்று எண்ணிக்கொண்டேன்.

நீ அதைவிட மோசம். பதினாறு வயதில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா, நீங்க மலையைப் பாத்துருக்கியளா?” என்றாய். “ஏன், வேளிமலையைத் தினமும் பாக்குதேனே” என்றேன். “அது பச்சைப் பட்டா?” என்றாய். தூரத்திலிருந்து பார்த்தால் அது பழைய கம்பளியைப் போலத்தான் இருக்கும் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நம் வீட்டில் பொய்க்கு அதுவே பெயராகிவிட்டது. வேதபாட வகுப்புக்குப் போனதாக நீ சொல்வாய், தலைமயிரில் பழையாற்றுத் தண்ணீர் சொட்டும். “ஏலே, பட்டு விரிக்கியா?” என்பாள் உன் அம்மா. நான் அச்சுக்கூடத்தில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு நாடகக் கொட்டகையிலிருந்து வருவேன். நீங்கள் இருவரும் பாயை விரிப்பதுபோலக் காற்றில் கையை விரித்துக் காட்டுவீர்கள்.

ஒரு பாவத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புருஷனைப் பறிகொடுத்த ஓர் அம்மாள், அவருடைய கடைசி மூன்று மாதங்களைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தார். வாந்தி, மலம், வலியில் அவர் விட்ட கெட்ட வார்த்தை, அம்மாள் கோபத்தில் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தது, எல்லாம் இருந்தது. நான் உட்கார்ந்து வெட்டினேன். வெட்டி வெட்டி, அமைதியாக உயிர் நீத்த ஒரு புண்ணியவானைச் செதுக்கி எடுத்தேன். ஊரெல்லாம் பாராட்டிற்று. அந்த அம்மாள் மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுல எனக்க மாப்பிள்ளையைக் காணல்லியே” என்றார். நான் அதை வேடிக்கைக் கதையாக நாலு இடத்தில் சொல்லிச் சிரித்தேன். மக்கா, உன் விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். நெய்யூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை படிக்கப் போன புதிதில் நீ நீளநீளமாக எழுதுவாய். முதல் முறை கால் வெட்டுவதைப் பார்த்து மயங்கி விழுந்ததை எழுதினாய். ஒரு கட்டிலில் இருந்த நோயாளி விடிவதற்குள் இறந்துபோனதையும், நீ அவருடைய செருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றதையும் எழுதினாய். நான் செய்தது என்ன? நீலப் பென்சிலை எடுத்து, ‘செருப்பு வேண்டாம்’, ‘மயங்கியது மிகை’, ‘தாய் கலங்குவாள், மூன்று வரியாகச் சுருக்குக’ என்று ஓரத்தில் எழுதி, உன் கடிதத்தை உனக்கே திருப்பி அனுப்பினேன். ஒரு தகப்பன் செய்கிற காரியமா இது? நாலைந்து கடிதத்தில் நீ தேறிவிட்டாய். அளவான, குறையில்லாத கடிதங்கள் வரத் தொடங்கின. என் மாணவர்களிலேயே நீதான் கெட்டிக்காரன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தச் செருப்பைப் பற்றி நீ பிறகு பேசவே இல்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கம்பவுண்டராகப் போன இந்த இரண்டு வருஷமும் அப்படியேதான் எழுதினாய். பதினோரு நாளைக்கு முன்பு, உச்சிவேளையில் தபால்காரர் வந்தார். உறையைக் கிழித்து, வழக்கம்போல உன் அம்மாவுக்கு உரக்கப் படிக்கத் தொடங்கினேன். ‘தேவகிருபையால் சுகமாயிருக்கிறேன்.’ நல்லது. அடுத்த வரிக்குக் கண் போயிற்று. ‘இங்கு நல்ல மழை பெய்து, மலையெங்கும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் காட்சியளிக்கிறது.’ என் வாய் நின்றுவிட்டது. பிறகு தானாக ஓடிற்று. அந்த வரியைத் தாண்டி, ‘வேலை மிகுதியால் அடுத்த கடிதம் தாமதிக்கலாம், கவலை வேண்டாம்’ என்பதையும் தாண்டி, அண்டை வீட்டாரை விசாரித்திருந்த வரிக்கு வந்து முடித்துவிட்டேன். நாலு வரிக் கடிதத்தில் இரண்டு வரியை விழுங்கினேன். “இவ்வளவுதானா?” என்றாள். “சோலி கூடுதலாம்” என்றேன். அவள் பின்னலை எடுத்துக்கொண்டாள். நல்ல வேளை, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழாம் கடிதம், ஒரு சொல்லும் மாறாமல். நீ அந்த வரியைத் தெரியாமல் எழுதியிருக்க முடியாது. அம்மாவுக்குத் தெரியாமல் என்னை மட்டும் கூப்பிட்டாயா? அல்லது காய்ச்சலில் புத்தி கலங்கி, சொந்தமாக ஒரு வரி எழுதச் சக்தியில்லாமல், மனப்பாடமாக இருந்ததை எழுதினாயா? முதலாவது என்றால் உனக்கு உடம்பு சரியில்லை. இரண்டாவது என்றால் ரொம்பவும் சரியில்லை. வேறு யாருடைய மகனாக இருந்தாலும் ஏதோ சளிக் காய்ச்சல் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். நீ கம்பவுண்டர், எந்தக் காய்ச்சல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று அறிந்தவன். அறிந்தவன் மறைக்கிறான். மலைப்பக்கம் காய்ச்சல் பரவுகிறது என்று கோட்டாற்றுக் கடைகளில் பேசிக்கொண்டார்கள். எந்தப் பக்கத்து மலை என்று கேட்கத் தைரியமில்லாமல், கேட்காத தூரத்துக்கு நடந்துபோய், பிறகு மனம் கேளாமல் திரும்பி வந்து, ஒன்றுமில்லாத பழங்கதையை விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கடிதத்தைப் பண்ணையாரின் பூச்சிப் பாட்டுக்குள் ஒளித்துவைத்தேன். அதை மனம் விரும்பிப் பிரிக்கிறவர்கள் உலகத்தில் இல்லை என்பது என் கணக்கு.

மூன்றாம் நாள் தந்தி கொடுக்கப் புறப்பட்டேன். நாகர்கோவிலில் கொடுத்தால் அரைமணி நேரத்தில் செய்தி உன் அம்மாவுக்கு வந்துவிடும் என்று, பஸ் ஏறித் தக்கலைக்குப் போனேன். தாளைக் கையில் வாங்கினேன். சொற்களைச் சுருக்கிப் பிழைக்கிற எனக்குத் தந்தி என்ன பிரமாதம்? எழுதினேன், அடித்தேன், இன்னொரு தாள் வாங்கினேன். ‘உன் கடிதம் கிடைத்தது, பதினேழாவது என்று புரிந்துகொண்டேன், உண்மையைச் சொல், அம்மாவுக்குத் தெரியாது, பயப்படாதே, எனக்குப் பயமாக இருக்கிறது.’ ஒரு சொல்லைக்கூட வெட்ட முடியவில்லை. நாலாவது தாள் கேட்டபோது தந்திக் குமாஸ்தா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“சாரே, இது தந்தியாக்கும். சரித்திரம் எழுதுகிய எடமில்லை.”

“மகனுக்குத் தீனமாண்ணு கேக்கணும்” என்றேன்.

“பின்ன அதைக் கேளும். சுகமாண்ணு ஒத்தை வார்த்தை போராதா?”

என் தொழிலை அவர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார். அந்த ஒற்றை வார்த்தைதான் இங்கிலீஷில் போயிற்று. எட்டு நாள் ஆகிறது. பதில் இல்லை. தோட்டம் ஊரிலிருந்து தூரம், ஆள் நடந்துதான் கொண்டுபோக வேண்டும், மழையில் பாதை உடைந்திருக்கும் என்று எனக்கு நானே எழுதிக்கொள்கிற வரிகளைப் படித்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் மழை வருகிறது.

நேற்று மதியம், உன் அம்மா அடுக்களையில் சாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக ரேந்தை வேலையில் அவளுக்கு ஒரு வேகம். ஒரு மாதத்து வேலையை ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்திருந்தாள். உழைப்பாளி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனேன். அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்:

“அந்தப் பச்சைப் பட்டுக் காயிதத்தை எடுத்துத் தாருங்கோ. இன்னொருக்கப் பாக்கணும்.”

“எந்தக் காயிதம்?” என்றேன்.

“பூச்சிப் பாட்டுக்குள்ள இருக்கியது. ஒம்பது நாளா அங்கதான் இருக்கு. எடுத்துப் படிச்சுட்டு அதே பக்கத்துல வச்சேன்.”

“நீ எப்பிடி...”

“அன்னைக்கு நீங்க படிக்கும்போ தொண்டை மாறிச்சு. எழுத வாற ஆளுகளுக்கு மாறும்ணு சொல்லுவியளே, அதுபோல. புரூப்பு படிச்சவ நானாக்கும். எனக்குப் பதினேழாம் காயிதம் மனப்பாடம்.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீங்க பயந்து போவியேண்ணு சொல்லல்ல.” ஒரு மீனைக் கழுவி வைத்தாள். பிறகு, “கவரைப் பாத்தியளா?” என்றாள்.

நான் பார்க்கவில்லை. இருபது வருஷமாக எழுத்தைப் பார்க்கிறவன். உள்ளே இருக்கிற வரியை உடைத்து, அதற்குப் பின்னால் நிற்கிறது யார் என்று தேடுகிறவன். உறையை யார் பார்ப்பார்கள்? அதைக் கிழித்து ஜன்னலில் போட்டிருந்தேன். அவள் எடுத்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கொண்டுவந்து காட்டினாள். மேல்விலாசம் உன் கையெழுத்து இல்லை. வேறு யாரோ, எழுதிப் பழக்கமில்லாத ஒருவர், ஒவ்வோர் எழுத்தாக வரைந்திருந்தார்.

“நாலு வரி எழுதினதும் அவனுக்குச் சீணம் வந்திருக்கு,” என்றாள். “விலாசம் எழுத ஏலல்ல. அதுக்குமேல இதுல படிச்சுப் பாக்க ஒண்ணுமில்ல. நீங்க அந்த வரியையே பாத்துட்டு இருந்திய.”

அடுக்களை நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் ‘மிகை’ என்று அடித்திருப்பேன். அழுதேன். அவள் அழவில்லை. மூன்று நாளைக்கு முன்பே தன் பெட்டியில் சுக்கும் கருப்பட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் உன் பழைய கம்பளியும் எடுத்து வைத்துவிட்டாளாம். ரேந்தை வேகத்துக்குக் காரணம் அதுதான். ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றிருந்திருக்கிறாள். நான் எப்போது வாயைத் திறப்பேன் என்றுதான் காத்திருந்தாளாம். “இண்ணைக்கும் நீங்க சொல்லல்லேண்ணா நானே கேப்பம்ணு இருந்தேன்” என்றாள். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பட்டு விரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். பதினேழாம் கடிதத்தை எழுதியவன் வீட்டுக்கு இது தகும்.

நாளை காலை பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயிலில் தூத்துக்குடி, பிறகு கப்பல். ஆம், நான்தான், கப்பலில். மணக்குடிக் காயலில், கரையில் கட்டிப்போட்டிருந்த தோணியில் ஏறி உட்கார்ந்ததுமே வாந்தி எடுத்தவன் உன் அப்பா. தோணிக்காரன், “இன்னும் கயிறு அவிக்கவே இல்ல, சாரே” என்று சொன்னதை நீ எத்தனை தடவை நடித்துக் காட்டியிருக்கிறாய். கடல் என்றால் இப்போதும் எனக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்குள்ளும் பெரியது சிறியது இருக்கிறது என்று இந்தப் பதினோரு நாளில் தெரிந்துகொண்டேன். கடல் சிறியதாகிவிட்டது. திடீரென்று வந்து நின்றால் பிள்ளை பதறிப்போவான், முதலில் ஒரு காயிதம் போடுங்கள் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் இது. தபால் எங்களுக்கு ஒரு நாள் முந்தி வந்துசேரும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் வந்தபிறகு நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அந்தச் செருப்பைப் பற்றிச் சொல். இறந்துபோன மனிதரின் செருப்பை எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தாய், அதை என்ன செய்தாய், யாராவது வந்து வாங்கிக்கொண்டார்களா. எனக்குத் தெரியாது, மக்கா. நான்தான் வேண்டாம் என்று எழுதினேனே. இப்போது உன் உடம்பில் எங்கே நோகிறது, எத்தனை நாளாக, இராத்திரியில் என்ன பயம் வருகிறது, எல்லாவற்றையும் சொல். நீளமாகச் சொல். சொன்னதையே திரும்பச் சொல். உன்மேல் அன்புள்ளவர்களுக்கு எழுதும்போது அழகாக எழுதாதே. அவர்கள் உன்னிடம் கேட்பது புத்தகமல்ல. இந்த ஒன்றை இருபது வருஷத்துக்கு முன்பே கற்றிருக்க வேண்டிய வாத்தியார், நாற்பத்தெட்டு வயதில் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து கற்றிருக்கிறேன். வந்து பார்க்கும்போது நீ எழுந்து உட்கார்ந்து, ‘என்னப்பா, ஒரு சளிக் காய்ச்சலுக்கா கப்பல் ஏறினிய?’ என்று என்னைக் கேலி செய்தால், அந்தக் கேலியை ஆயுசு முழுக்கத் தாங்குவேன். கேலி செய்ய நீ அங்கே இல்லாமல்... இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். தானும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டுமாம். சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒன்றையும் தொடமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

“மக்கா, அம்மையாக்கும் சொல்லுகேன். ஒனக்குத் தீனம்ணு எனக்குத் தெரியும். மறைச்சதுக்கு வந்து ரெண்டு அடி தருவேன், அது கெடக்கட்டு. எழும்பாண்டாம், படுத்துக் கெட. மருந்து கசக்குதுண்ணு விடாத, நீ ஆளுகளுக்குக் குடுக்கிய மருந்துதானே. கஞ்சி எறங்கல்லேண்ணா வெள்ளமாவது குடி. கவருல விலாசம் எழுதித் தந்த பிள்ளை ஆராயிருந்தாலும், அவன் சாப்பிட்டானாண்ணு கேளு. அவனுக்கும் சேத்துத்தான் ஊறுகாய் எடுத்திருக்கேன். அப்பா கப்பலுல வாந்தி எடுப்பாரு, அவரை நான் பாத்துக்கிடுகேன். நாங்க வந்து சேருதது வரைக்கும் நீ இருக்கணும். எனக்குச் சொல்ல அவ்வளவுதான் மக்கா. இருக்கணும்.”

கடைசிச் சொல் இரண்டு முறை வந்திருக்கிறது. வேறு யாருடைய பிரதியாக இருந்தாலும் ஒன்றை அடித்திருப்பேன்.

உன் அப்பா